மடக்கெழுத்தாணி

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தக் கத்தி என்னிடம் இல்லை. நாற்பத்தொரு நாள் என் மேஜைமேல் இருந்தது. முப்பத்துநாலு வருஷம் ஆசைப்பட்டு அடைந்த பொருள் நாற்பத்தொரு நாள் இருந்துவிட்டுப் போயிற்று. திருட்டுப் போகவில்லை, நானேதான் பஸ் ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்துவிடும். ஆனாலும் மேஜையில் அது கிடந்த இடம் காலியாக இருப்பதைப் பார்க்கும்போது, வருத்தத்துக்குப் பதிலாக ஏதோ ஒரு நிம்மதி தோன்றுகிறது. ஆசைப்பட்ட பொருள் கையை விட்டுப் போனதில் ஒருவனுக்கு நிம்மதி உண்டாகிறதென்றால் எங்கேயோ கோளாறு இருக்கவேண்டும். அந்தக் கோளாறு கத்தியில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

கத்தி என்று சொல்கிறேனே தவிர, அது பாதிதான் சரி. மடக்கி வைத்தால் ஐந்து அங்குலம். எருமைக் கொம்பில் பிடி. ஒரு முனையை நகத்தால் நெம்பி இழுத்தால் இரண்டரை அங்குலத்தில் ஒரு கத்தி வெளியே வரும். மறு முனையை இழுத்தால் தடித்த ஊசி போல ஓர் எழுத்தாணி வரும். இரண்டையும் உள்ளே அடக்கிவிட்டால் ஒன்றும் அறியாத கொம்புத் துண்டு. மடியில் செருகிக்கொண்டு நடக்கலாம். கத்தி, பனையோலையை வாருவதற்கு. ஆணி, வாரின ஓலையில் எழுதுவதற்கு. மடக்கெழுத்தாணி என்று பெயர்.

எங்கள் ஆச்சி வீட்டில் ஒன்று இருந்தது. தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய ஊர். அது எழுத்தாணி என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கத்தி பாதியில் ஒடிந்து போயிருந்தது. ஆணி மட்டும் முழுசாக இருந்தது. ஆச்சி அதை வைத்துத் தேங்காய்க் கண்ணைக் குத்துவாள்; சாயங்காலம் குத்துவிளக்குத் திரியைத் தூண்டுவாள். விளக்கு மாடத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு நாள் மத்தியானம், எல்லாரும் தூங்குகிற வேளையில், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு ஒருவன் தெருவில் வந்தான். வீட்டில் வேறு பழைய இரும்பு அகப்படவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் அதை எடைகூடப் போடவில்லை; கையில் ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, காகிதப் பொட்டலத்தில் எட்டுப் பத்துப் பழம் போட்டுக் கொடுத்தான். கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து தின்றேன்.

சாயங்காலம் ஆச்சி மாடத்தில் கையை விட்டுத் துழாவினாள். "இங்கதானே வச்சிருந்தேன்" என்றாள். அரிசிப் பானைக்குப் பின்னால், பெட்டிக்கு அடியில், எல்லா இடத்திலும் தேடினாள். நானும் சேர்ந்து தேடினேன். இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாளிலிருந்து ஆச்சி ஈர்க்குச்சியால் திரியைத் தூண்ட ஆரம்பித்தாள்.

பின்னால் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தேன். அந்த இரண்டு வருஷத்தில் வகுப்பில் கற்றதைவிட நூல்நிலையத்தில் கற்றது அதிகம். அங்கேதான் உ. வே. சாமிநாதையருடைய 'என் சரித்திரம்' கையில் அகப்பட்டது. 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பித்து, 1942-ல் ஐயர் காலமானதால் முடிவு பெறாமல் நின்றுபோன நூல். பிள்ளைப் பிராயத்துப் படிப்பைச் சொல்லும் இடத்தில் எழுத்தாணி வகைகளையும் சொல்கிறார். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி என்று சொல்லிக்கொண்டு வந்து, ஒரு பக்கம் கத்தியும் ஒரு பக்கம் ஆணியுமாகப் பிடிக்குள் மடங்குகிற மடக்கெழுத்தாணியையும் சொல்கிறார். மரத்திலும் தந்தத்திலும் மாட்டுக் கொம்பிலும் அதற்குப் பிடி போடுவதுண்டாம். படித்த அந்த நிமிஷத்தில் என் வாயில் பேரீச்சம்பழ ருசி வந்தது. எங்கள் வீட்டு முன்னோர் யாரோ ஒருவர் மடியில் செருகிக்கொண்டு நடந்த பொருளை நான் தின்று தீர்த்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அன்றைக்குப் பிடித்த ஆசை. எழுதுகிறவனாக ஆன பிறகு அது இரண்டு மடங்காயிற்று. பேனாக்கத்தி என்று இன்றைக்கும் சொல்கிறோம். எழுதுகிறவர்களிலேயே பலர் அந்தச் சொல்லை நின்று பார்த்திருக்க மாட்டார்கள். வெள்ளைக்காரன் இறகைச் சீவி எழுதிக்கொண்டிருந்த காலத்தில், இறகைச் சீவுவதற்கென்று வைத்துக்கொண்ட கத்தி அது. 1820-களில் பர்மிங்ஹாம் பட்டறைகள் எஃகு நிப்பை யந்திரத்தில் அடித்துத் தள்ள ஆரம்பித்தன. அதோடு இறகு போயிற்று. கத்திக்கு வேலை போய்ப் பெயர் மட்டும் நின்றது. அங்கே எழுதுகோல் வேறு, கத்தி வேறு. நம்மவர்கள் இரண்டையும் ஒரே பிடிக்குள் வைத்திருந்தார்கள். தன் காகிதத்தைத் தானே வெட்டிச் சீர்செய்துகொண்டு எழுதுகிறவனுடைய கருவி. எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

தேடினேன். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு கடைக்காரர் ஒன்றை எடுத்துக் காட்டினார். தந்தப் பிடி. 38,000 ரூபாய் சொன்னார். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஆணி துருவேறி மடங்க மறுத்தது. செத்த பொருளாக இருந்தது. அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருப்பவற்றைப் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது. பழையது வேண்டாம், புதிதாகச் செய்து வாங்கவேண்டும் என்று தீர்மானித்துப் படம் போட்டு எடுத்துக்கொண்டு அலைந்தேன். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்திக்கும் போனேன். படத்தைப் பார்த்துவிட்டு, காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். வெளிநாட்டு மடக்குக்கத்திகள் சேர்ப்பவர். அமெரிக்காவில் கத்தி செய்கிறவர்கள் 1970-லேயே சங்கம் அமைத்துக்கொண்டுவிட்டார்கள் என்றும், பேர்பெற்ற கைகாரரிடம் ஒரு கத்தி செய்யச் சொன்னால் வருஷக்கணக்கில் காத்திருக்கவேண்டும் என்றும் அவர் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். அவரிடமுள்ளவற்றில் எனக்குப் பிடித்தது மலிவான ஒன்று. ஜப்பானில் மிக்கி என்ற ஊர்க் கொல்லர்கள் 1890-களில் செய்ய ஆரம்பித்த ஹிகோனோகாமி. மடித்த பித்தளைத் தகடு, அதற்குள் ஒரு கத்தி, அவ்வளவுதான். அந்த நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லார் பையிலும் ஒரு காலத்தில் அது இருந்தது, பென்சில் சீவுவதற்கு. 1960-ல் தோக்கியோவில் ஒரு பொதுமேடையில் அசானுமா என்ற அரசியல் தலைவரைப் பதினேழு வயதுப் பையன் ஒருவன் குட்டைவாளால் குத்திக் கொன்றான். அதன் பிறகு பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்று ஓர் இயக்கம் கிளம்பிற்று. குத்தியது வேறு ஆயுதம். தண்டனை பென்சில் சீவுகிற கத்திக்கு. இன்றைக்கு அந்தப் பெயரைப் பொறிக்கும் உரிமையுள்ள பட்டறை ஒன்றே ஒன்று இருக்கிறது. வாங்குகிறவர்களில் பெரும்பாலார் சிநேகிதரைப் போல அலமாரியில் வைக்கிறவர்கள்.

இதைக் கேட்டுக்கொண்டு நான் பெரிய ஞானிபோலத் தலையாட்டினேன். வேலை போன கருவி அலங்காரப் பொருளாகிவிடுகிறதே என்று வருத்தப்பட்டுப் பேசினேன்கூட. எனக்கு வேண்டியதும் அதுதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஆசாரியைக் கண்டுபிடித்தது தற்செயல். உடன்குடிக்குப் பக்கத்தில், செம்மண் தேரி ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பட்டறை. எழுபது வயதிருக்கும் அவருக்கு. பனையேறிகளுக்குப் பாளை அருவாள் அடிப்பவர். பாளை அருவாள் சாமானியமான கருவி அல்ல. காலையிலும் மாலையிலும் மரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு பாளையின் நுனியைக் காகிதம்போல் மெல்லிசாகச் சீவவேண்டும். கொஞ்சம் கனமாகச் சீவினால் பாளை வீண். மழுங்கலாகச் சீவினால் பதனீர் சுரக்காது. அதற்கு ஏற்றபடி விளிம்பு வைக்கத் தெரிந்த கை. பனையேறுகிறவர்கள் குறைந்துபோனதால் அவருக்கும் வேலை குறைந்திருந்தது. சுவரில் பத்துப் பன்னிரண்டு அருவாள் தொங்கியது. யாரும் கேட்டு வராதவை.

படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னத்துக்கு சார் இது?"

"எழுதுறதுக்குத்தான் அண்ணாச்சி" என்றேன்.

"ஓலையிலயா?"

"ஆமாம். ஓலையிலதான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கு ஓலையில் எழுதத் தெரியாது. எழுதும் உத்தேசமும் கிடையாது. மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பட்டறையில் நின்றுகொண்டு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சுவரில் தொங்கின அத்தனையும் வேலைக்காகச் செய்தவை. அவர் கையில் கரி, முழங்கையில் பழைய தீப்பொறித் தழும்புகள். அந்த மனுஷரிடம் பார்த்து ரசிப்பதற்கு ஒரு சாமான் வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. எழுதுகிறவன் என்றால் கொஞ்சம் மரியாதை கூடும் என்ற நப்பாசையும் இருந்திருக்கும், மறைப்பானேன்?

அவர் சொன்னார்: "அப்பம் சரி. அலமாரியில வைக்கதுக்குன்னா ஒரு மாதிரி செய்யணும். எழுதுறதுக்குன்னா வேற மாதிரி. முனை பாக்கணும்."

அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கவேண்டும்.

பதினைந்து நாளில் தருவதாகச் சொன்னவர் நாலு மாதம் எடுத்துக்கொண்டார். கத்திப் பக்கம் சுலபமாக முடிந்துவிட்டது. லாரிப் பட்டையில் அடித்தார். ஆணிக்குத் தேய்ந்துபோன அரம் ஒன்றை எடுத்துக் காய்ச்சி நீட்டினார். ஒரு நாள் கைப்பேசியில் கூப்பிட்டு, "சார், ஒடிஞ்சு போச்சு" என்றார். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த இரும்பு கண்ணாடிமாதிரி இறுகிவிடும், உடனே ஒடியும். அதனால் மறுபடியும் இளஞ்சூடு காட்டிப் பதத்தை இறக்கவேண்டும். துலக்கின இரும்பில் சூடு ஏற ஏற நிறம் ஓடும்: முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். எந்த நிறத்தில் நிறுத்துகிறோமோ அந்தப் பதம். முதல் ஆணியை வைக்கோல் நிறம் வரும் முன்பே எடுத்துவிட்டார், ஒடிந்தது. இரண்டாவதை நீலம் வரை விட்டார். அரை ஓலை எழுதுவதற்குள் முனை மழுங்கியது. பனையேறி ஒருவரிடம் சொல்லி ஓலை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து கீறிப் பார்ப்பாராம். கூர் அதிகமானால் ஓலை கிழிகிறது; குறைந்தால் கோடு விழுவதில்லை. கீறவேண்டும், குத்தக்கூடாது. மூன்றாவது ஆணி பழுப்பில் நின்றது. அதன் முனையை எண்ணெய்க் கல்லில் உருட்டி உருட்டி, பிறகு வேப்பங்கட்டையில் தேய்த்து மழமழப்பாக்கினார். இவ்வளவையும் கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் குரலில் உற்சாகம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் "அவசரமில்லை அண்ணாச்சி" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

வாங்கப் போன அன்று அவர் அதைக் கையில் கொடுக்கவில்லை. இரும்பைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்பது நம் பக்கத்து வழக்கம். பட்டறைக் கல்லின்மேல் வைத்து, "எடுத்துக்கிடுங்க" என்றார். எடுத்தேன். இரண்டு பக்கமும் திறந்து மூடிப் பார்த்தேன். ஆச்சி வீட்டு மாடம் ஞாபகம் வந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தைப் பற்றி எழுதவேண்டியதில்லை. ஆசைப்பட்டதை அடைந்த எல்லாருக்கும் அது தெரியும்.

கூலி கேட்டேன். 3,200 ரூபாய் என்றார். நாலு நாள் கூலி, கொம்பு, பித்தளை, கரி.

"பதினோரு நாள் வேலை செய்ததாகச் சொன்னீங்களே அண்ணாச்சி?"

"ஏழு நாள் கெட்டுப்போன நாளுல்லா? கெட்டது என் கை. அதுக்கு நீங்க எதுக்குத் தரணும்?"

நான் வற்புறுத்தினேன். அவர் வாங்க மறுத்துவிட்டார். இந்த விஷயத்தில் அவர் கட்சி சரிதானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். நானும் எழுதிக் கிழித்துப் போட்ட பக்கங்களுக்குக் கூலி வாங்குவதில்லை. பத்திரிகைக்காரர்கள் அச்சான பக்கத்துக்குத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் கிழித்துப்போட்ட பக்கம் இல்லாமல் அச்சான பக்கம் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கெட்டுப்போன இரண்டு ஆணிகளும் மூன்றாவது ஆணிக்குள்ளேதான் இருக்கின்றன. அவற்றுக்கு விலை போடத் தெரியாததால் உலகம் விட்டுவிடுகிறது. அவருக்கு விலை போடத் தெரிந்தும் மனசு வரவில்லை.

புறப்படும்போது சொன்னார்: "ஒரு ஓலை எழுதிக் கொண்டாங்க சார். நான் கீறினது கோடுதான். எழுத்தா எப்படி விழுதுன்னு பாக்கணும்."

"கட்டாயம்" என்றேன். இது இரண்டாவது.

வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சிநேகிதர் கையில் எடுத்து எடை பார்த்து, ஆணியின் மூட்டு ஆடாமல் நிற்பதைக் கண்டு பிரமித்தார். ஒரு வாரம் சுகமாகக் கழிந்தது. பிறகு, எழுதிக்கொண்டிருக்கும்போது கண் அந்தப் பக்கம் போனால் ஏதோ உறுத்த ஆரம்பித்தது. கொடுக்கவேண்டிய கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்தால் இருக்குமே, அந்த மாதிரி.

சிநேகிதரிடம் சொன்னேன். "கேட்ட கூலியைக் கொடுத்தாயிற்று. அதற்கு மேல் என்ன? வாங்கினவன் வைத்துப் பார்த்தால் என்ன, வீசி எறிந்தால் என்ன?" என்றார். கடைச் சாமானுக்கு அது சரி. நான் கடையில் வாங்கவில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தையின்பேரில் ஒருவர் ஏழு நாள் செலவழித்திருக்கிறார். அலமாரிக்கு என்று சொல்லியிருந்தால் முதல் வாரத்திலேயே, பார்க்க அழகாக ஓர் ஆணியைச் செருகித் தந்திருப்பார். முனை பார்த்திருக்க மாட்டார். ராத்திரிகளில் ஓலையும் கையுமாக உட்கார்ந்திருக்க மாட்டார். அந்த ராத்திரிகளை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கும் அவர் பணம் வாங்கியிருந்தால் ஒருவேளை நான் தப்பித்திருப்பேன். வாங்காததால் மாட்டிக்கொண்டேன்.

இதற்கு எதிர்வாதமும் செய்து பார்த்தேன். எனக்கு நானே வக்கீல். யாருக்கு என்ன நஷ்டம்? வேலையில்லாமல் இருந்த மனுஷருக்கு நாலு மாதம் ஓர் உற்சாகம் கிடைத்தது. என் பொய் இல்லாவிட்டால் அவருக்கே தெரியாத ஒரு திறமை அவர் கையிலிருந்து வெளிப்பட்டிருக்காது. குற்றமில்லாத நன்மையைக் கொடுக்குமானால் பொய்யும் மெய்யோடு சேர்த்தி என்று வள்ளுவர்கூட இடம் கொடுத்திருக்கிறாரே! ஆனால் வள்ளுவர் கொடுத்த இடத்தில் நான் படுத்துக்கொள்ள முடியவில்லை. அவருடைய நன்மையை நினைத்தா அந்தப் பொய்யைச் சொன்னேன்? என் வெட்கத்தை மறைத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு நல்லது விளைந்தது என்றால் அந்தப் பெருமை ஆசாரியைச் சேர்ந்தது. எனக்கு அதில் பங்கு கேட்க உரிமை இல்லை.

என் மனைவி இந்த மாதிரி வியாகூலங்களுக்கெல்லாம் அதிக நேரம் கொடுப்பவள் அல்ல. "ஒரு ஓலை எழுதிக் கொண்டுபோய்க் காட்டிட்டா ஆச்சு. சொன்னது நிஜமாகிடும்" என்றாள்.

நிஜமாகிவிடுமா? இதுதான் என்னை நாலைந்து நாள் வாட்டிய கேள்வி. ஆச்சியோடு சேர்ந்து தேடினேனே, அது நடந்துபோன காரியத்தைப் பற்றிய பொய். அதை ஒன்றும் செய்ய முடியாது, ஆச்சியும் இல்லை. ஆனால் எழுதுவதற்கு என்று சொன்னது வரப்போகிற காரியத்தைப் பற்றியது. இன்றைக்கு நான் எழுதிவிட்டால் அந்த வாக்கியம் பலித்துவிடுகிறது. அப்படியானால் சொன்ன அன்று அது பொய்யா, இல்லையா? வார்த்தை பொய்யாகவில்லை. பொய்யாக இருந்தது என் மனசு. ஆசாரிக்கு என் மனசைப் பற்றி என்ன கவலை? அவருக்கு வேண்டியது அந்த முனை ஓலையில் படவேண்டும் என்பதுதான். அப்படிப் பார்த்தால் எழுதிவிட்டால் அவர் கடன் தீர்கிறது. வேறு ஒரு கடன் பாக்கி நிற்கிறது. அது யாரிடம் பட்ட கடன் என்று எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

எப்படியும், தீர்க்கக்கூடிய கடனை முதலில் தீர்ப்போம் என்று ஓலை வரவழைத்தேன். நிழலில் உலர்த்தி, வெந்நீரில் வேகவைத்து, மறுபடி உலர்த்தி, சங்கால் தேய்த்து மழமழப்பாக்கினேன். அதே கத்தியால் நரம்பை நீக்கி ஓரம் வாரினேன். ஓலையை மேஜையில் வைத்து எழுத முடியாது. இடக்கையில் பிடித்துக்கொள்ளவேண்டும், ஆணியை வலக்கை முஷ்டியில் இறுக்கிப் பிடித்து, இடது கட்டைவிரல் நகத்தில் சார்த்தி, ஆணியை அதிகம் அசைக்காமல் ஓலையை நகர்த்தவேண்டும். அந்தக் காலத்தில் எழுதப் பழகினவர்கள் அந்த நகத்தை வளர்த்து, ஆணி பொருந்த அதில் ஒரு பள்ளம் வைத்துக்கொள்வார்களாம். எனக்கு நகமும் இல்லை, பழக்கமும் இல்லை. முதல் இருபது ஓலை கோழி கிளறினமாதிரி இருந்தது. முதல் வாரத்தில் இரண்டு முறை விரலில் குத்திக்கொண்டேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இத்தனை தப்பும் என் கையின் தப்பாகவே இருந்தது. ஆணி ஒரு இடத்திலும் தட்டவில்லை. வளைவில் வழுக்கிக்கொண்டு போயிற்று. மூன்றாவது வாரம், ஒரு 'ற' தானாக வந்து விழுந்தபோது, அந்தப் பழுப்பு நிறத்தை ஏன் அவ்வளவு பாடுபட்டுத் தேடினார் என்று என் விரலுக்குப் புரிந்தது. கைப்பேசியில் கேட்டபோது இது எனக்குப் புரியவே இல்லை.

என்ன எழுதிக் கொண்டுபோவது? பாட்டு எழுதலாம் என்று நினைத்தேன், வேஷமாகத் தோன்றியது. கடைசியில் பழைய விற்கிரய ஓலைபோல ஒன்று எழுதினேன். இன்ன ஊர் இன்னார் செய்த மடக்கெழுத்தாணி ஒன்று. கத்தி லாரிப் பட்டை. ஆணி பழைய அரம். பிடி எருமைக் கொம்பு. கூலி நாலு நாள். கெட்டுப்போன நாள் ஏழு. தேதியும் போட்டேன். விளக்குக் கரியைக் கோவையிலைச் சாற்றில் குழைத்துப் பூசித் துடைத்ததும் எழுத்துக்கள் கறுப்பாகக் கண்விழித்தன. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். ஆணியால் புள்ளி வைத்தால் ஓலை பொத்தலாகிவிடும் என்று காரணம் சொல்வார்கள். நானும் வைக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

போன வெள்ளிக்கிழமை கொண்டுபோனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்: அண்ணாச்சி, அன்றைக்கு நான் சொன்னது நிஜமல்ல, எனக்கு எழுதத் தெரியாது, உங்கள் ஆணிக்காகத்தான் கற்றுக்கொண்டேன்.

அவர் கையைக் கழுவி வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓலையை வாங்கினார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கடைசி வரிக்கு வந்ததும் முகம் மாறிற்று.

"கெட்டுப்போன நாளை எதுக்கு எழுதினீய? அதை அழிச்சிருங்க."

"ஓலையில அழிக்க முடியாது அண்ணாச்சி."

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மறுபடியும் மேலே போனார். "கொ… ம… பு. கொமபு. இது என்ன? புள்ளியைக் காணோமே?"

நான் பழைய ஏட்டு வழக்கத்தை விளக்கினேன். புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. "என் ஆணி பொத்தாது" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "வச்சுப் பாருங்க."

வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன். ஓலை பொத்துக்கொண்டது, மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது.

ஆணியை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள அவர் கையை நீட்டவில்லை. பட்டறைக் கல்லைக் காட்டினார். அதன்மேல் வைத்தேன். எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முனையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விட்டுட்டுப் போங்க சார். இன்னும் உருட்டணும்."

எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள், எந்த ஆணியாலும் முடியாத காரியம் அது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அதற்குள் கரியைக் கூட்டிக்கொண்டிருந்தார். இன்னும் ஏழு நாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க என்னத்துக்குன்னு கேட்டபோது…" என்று ஆரம்பித்தேன். அவர் சுவிட்சைப் போட்டார். மின்சாரத் துருத்தி பெரும் இரைச்சலோடு சுற்ற ஆரம்பித்தது. காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "என்ன சொன்னீய?" என்றார்.

ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.